கண்ணாடித் தொட்டிக்குள் வந்த கடல்



சென்ற மாதம் எமது வானொலியில் நான் பேசிய பேச்சை எழுத்திலும் தரும்படி நேயர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன். பேச்சு முடிந்ததும் ஒரு அக்கா தொலைபேசியில் வந்து, "மீன் எண்டால் குழம்புக்குத்தானே தம்பி, அதுக்கு என்ன சரித்திரம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் ஒரு மீன் செத்துப்போகும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருக்கும் வீடு, 1900 ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் ஒன்று. 2003 ஆம் ஆண்டு என்னோடு வேலை செய்த ஒருவர் வீடு மாறிப் போகும்போது, தனது 450 லீற்றர் கண்ணாடித் தொட்டியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். 450 லீற்றர் தண்ணீர் என்றால் 450 கிலோ. கண்ணாடியும் கல்லும் வேறு. முன் அறையின் பழைய பலகைத் தளம் இதைத் தாங்குமா என்று மனைவி கேட்டார். எனக்கும் பயம்தான். கடைசியில் பின்பக்கம் குசினியோடு சேர்த்துக் கட்டிய, சீமெந்துத் தளம் போட்ட பகுதியில் வைத்தோம். நான் திருகோணமலைக்காரன். 1989 இல் இங்கே வந்த நாள் தொடக்கம் எனக்குக் குறையாக இருந்தது கடல்தான். அதை வீட்டுக்குள் கொண்டுவரப்போகிறேன் என்று ஒரு சந்தோஷம்.

ஆனால் கடல் என்பது குழாயில் வருவதில்லையே. எங்கள் பகுதித் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை உங்கள் வீட்டுக் கேத்திலைத் திறந்து பார்த்தாலே தெரியும். அடியில் படிந்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு இந்த மண்ணின் சொத்து. அதோடு குளோரினும் இருக்கும். ஆகவே குழாய்த் தண்ணீரை முதலில் நுண்வடியில் அழுத்தி வடித்து, வெறும் நீராக்க வேண்டும். பிறகு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவை சேர்க்க வேண்டும். வெப்பநிலை 25, 26 பாகை செல்சியசில் நிற்க வேண்டும். இதெல்லாம் செய்து, சின்ன மீன்கள் இரண்டு மூன்று விட்டு, அவை உயிரோடு இருப்பதைக் கண்டதும் எனக்கு ஆசை பெரிதாகிவிட்டது.

2004 தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை, கடை ஒன்றில் அந்த மீனைக் கண்டேன். றீகல் ஏஞ்சல் என்றார்கள். செம்மஞ்சள் உடம்பில் நீலமும் வெள்ளையும் கலந்த பட்டிகள், ஒவ்வொரு பட்டிக்கும் கறுப்புக் கரை, வால் முழுவதும் மஞ்சள். கூறைச்சேலைக்காரிகூட இப்படிக் கரை தெரிந்து உடுத்த மாட்டாள். விலையைச் சொன்னால் மனைவி இன்றைக்கும் சண்டைக்கு வருவார். "சாப்பிடுமோ?" என்று கேட்டேன். "சாப்பிடும்" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். அது கல்லிடுக்குக்குள் போய் ஒளிந்தது. என்ன போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. 19 ஆம் நாள் காலையில் அது தொட்டியின் அடியில் சரிந்து கிடந்தது. பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். அது வந்த இடம் என்று எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: கொழும்பு.

அந்த ஒரு சொல்லோடு தொடங்கியதுதான் என்னுடைய வாசிப்பு. நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன்.

முதலில் படம், பிறகு தண்ணீர்

இலங்கைக் கடலின் வண்ண மீன்கள் லண்டனுக்கு முதன்முதலில் பெயர் சொல்லும்படி வந்தது உயிரோடு அல்ல, படமாகத்தான். இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த ஜோன் விட்சர்ச் பெனட் என்பவர், 1828 தொடக்கம் 1830 வரை, எங்கள் கரையின் அரிய மீன்களை 30 வண்ணப் படங்களாக லண்டனில் வெளியிட்டார். பார்களில் நாம் காணும், விசிறிபோல விஷமுள் விரிக்கும் சிங்கமீன் ஒன்றுக்கு அறிவியற் பெயர் வைத்தவரும் இவரே. மீன் செத்தவுடன் நிறம் மங்கத் தொடங்கிவிடும் என்பது மீன் கழுவும் எவருக்கும் தெரியும். அப்படியென்றால் அந்தப் படங்கள் எழுதப்படுவதற்கு, மீன் பிடிபட்ட கையோடு யாரோ அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். அந்த யாரோவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வருவார்.

எனது மீனுக்கு அதற்கு முன்னரே பெயர் வைத்தாயிற்று. 1772 இல் பீட்டர் பொடார்ட் என்ற ஒல்லாந்து மருத்துவர் அதை விபரித்து எழுதினார். ஒல்லாந்தர் எங்கள் கரைகளையும் கீழைத் தீவுகளையும் ஆண்ட காலம் அது. பெயர் வைத்த ஐரோப்பியர் பெரும்பாலோர் இப்படிப்பட்ட மீன்களைச் சாராயப் போத்தலுக்குள்தான் கண்டார்கள். அது என்ன தின்னும், எங்கே தூங்கும் என்பது போத்தலுக்குள் இருக்கும் மீனில் தெரியாது.

அடுத்து வந்தது தண்ணீர். 1846 ஆம் ஆண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் குருமார்களில் ஒருவருடைய மனைவி, அன்னா தைன் என்பவர், டெவன் கரையில் உள்ள டோர்க்கி என்ற ஊருக்குப் போயிருந்தார். அங்கே சிறு முருகைக்கல் உயிர்களைக் கண்டு ஆசைப்பட்டார். அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சிலே ஊசி நூலால் தைத்து, கடல்நீர் நிரப்பிய சாடிக்குள் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்தால் போதுமா? கடலில் அலை இருக்கிறது, சாடியில் இல்லை. தண்ணீரில் காற்றுக் கலக்காவிட்டால் உயிர்கள் மூச்சு முட்டிச் சாகும். ஆகவே திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றி ஊற்றி ஆற்றச் செய்தார். எங்கள் கடைகளில் தேநீர் ஆற்றுவதுபோல! ஒரு நாளைக்கு அரை மணித்தியாலத்துக்கும் மேலாக. அடுத்த ஆண்டு கடற்பாசியையும் சேர்த்து வைத்தார். அந்த உயிர்கள் பிழைத்துக் குஞ்சும் வைத்தன. 1859 இல் அவருடைய குறிப்புகள் விஞ்ஞான சஞ்சிகையில் வெளிவந்தன.

இதிலே நான் கவனித்த விடயம் ஒன்று. நாள்தோறும் அந்தத் தண்ணீரை ஊற்றிய வேலை சீமாட்டியுடையது அல்ல. அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணுடையது. லண்டன் நகரத்தில் கடலுயிரைச் சாகாமல் காத்த முதற்கைகளில் இரண்டு அவளுடையவை. சரித்திரத்தில் அவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

1850 இல் ரொபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் இரசாயனவியலாளர், நீர்த்தாவரம் விடும் ஒட்சிசனை மீன் மூச்செடுக்கும், மீனின் கழிவைத் தாவரம் எடுக்கும், இரண்டும் அளவோடு இருந்தால் தண்ணீர் கெடாது என்று எழுதினார். 1845 இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடியும் மலிந்திருந்தது. 1853 மே மாதம் றீஜன்ட் பார்க் மிருகக்காட்சிச்சாலையில் மீன் வீடு திறக்கப்பட்டது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய உலகின் முதலாவது மீன்காட்சியகம் அதுவே. அதற்குக் கடலுயிர்கள் சேர்த்துக் கொடுத்தவர்களில் பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கை ஆய்வாளரும் ஒருவர். அடுத்த ஆண்டு, 1854 இல், அவர் எழுதிய புத்தகம்தான் அக்குவேரியம் என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோனது. உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் அதே ஆண்டு வெளியிட்டார். நாங்கள் இன்று வாளியில் வாங்கும் உப்புக் கலவைக்கு அதுவே பாட்டன் முறை.

பிறகு நடந்தது என்ன? புகையிரதம் கடற்கரைகளுக்குப் போகத் தொடங்கிய காலம். எங்கள் ஈஸ்ட் ஹாம் நிலையமே 1858 இல், சவுத்தெண்ட் கடற்கரைக்குப் போகும் பாதையில் திறக்கப்பட்டதுதான். கோஸின் புத்தகத்தையும் ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு சனம் கரைகளுக்குப் படையெடுத்தது. கற்பாறைக் குளங்களில் இருந்ததையெல்லாம் வழித்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். அரைவாசி வழியிலேயே செத்தன. மிச்சம் வீட்டில் செத்தன. கோஸின் மகன் எட்மண்ட் 1907 இல் எழுதிய நூலில், தன் தகப்பனின் புத்தகம் தூண்டிவிட்ட ஆசையே அந்தக் கரைகளை வெறுமையாக்கியது என்று வருந்துகிறார். தகப்பனும் அதை அறிந்து துக்கப்பட்டார் என்றும் சொல்கிறார். கடலை நேசித்த ஒருவரின் புத்தகத்தால் கடலுக்கு நடந்த கதி இது.

எங்கள் கடலின் முறை

இங்கிலாந்துக் கரை உயிர்களில் சனத்துக்கு ஆசை அடங்கியது. வெப்பக் கடலின் வண்ண மீன்களைக் கொண்டுவர அப்போது வழியில்லை. கப்பலில் பல கிழமைப் பயணம், குளிர், அழுகும் தண்ணீர். இந்த வழியைத் திறந்தவை இரண்டு: விமானமும் பொலித்தீன் பையும். பையில் மூன்றில் ஒரு பங்கு கடல்நீர், மிச்சம் ஒட்சிசன், வாயை இறுக்கிக் கட்டி றெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கினால், ஒரு பார்மீன் ஒன்றரை, இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும்.

1950களில் இலங்கையில் இந்தத் தொழிலுக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் றொட்னி ஜொங்கிளாஸ். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றியவர், பேர்போன சுழியோடி. வெப்பக் கடல் மீன்களைச் சேகரிப்பது பற்றி 1975 இல் தனியாக ஒரு நூலும் எழுதினார். ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956 இல் இலங்கைக்கு வந்தபோது, அவர்களோடு பார்களில் சுழியோடியவரும் அவரே. அதே ஆண்டு மைக் வில்சன் திருகோணமலையில் சுவாமி மலையடியில் சுழியோடினார். 1624 இல் போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் கடலுக்கடியில் கிடப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு வந்த கிளாக்கின் நூலில் அந்தக் கதை விரிவாக இருக்கிறது. சின்ன வயதில் நாங்கள் கேட்ட கதைகளுக்குச் சாட்சி, மீன்கள் குடியிருக்கும் அந்தக் கற்களில் இருந்தது. எனக்கு இதை வாசித்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் நூல்களில் பெயர் இருப்பவர்கள் சிலர்தான். மீனைப் பிடித்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கு, மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்குக் கடல் படுத்துக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது மாறும். ஆகவே மீன் சேர்ப்பவர்களும் பருவத்தோடு கரை மாறுவார்கள். பார் மீனைப் பிடிப்பது வலை வீசும் வேலை அல்ல. ஒவ்வொன்றாகக் கல்லிடுக்கிலிருந்து எடுக்க வேண்டும். அவசரக்காரர் சிலர் முருகைக்கல்லின் மேலே வலையை மூடி, அலவாங்கால் கல்லை உடைத்து மீனைக் கலைத்துப் பிடிப்பார்கள். மொக்சி வலை என்று சொல்வார்கள். அது தடைசெய்யப்பட்ட முறை. பிலிப்பைன்சில் 1960களிலிருந்து இன்னும் மோசம்: சயனைட் கரைசலைப் பீச்சி மீனை மயக்கிப் பிடித்தார்கள். அப்படிப் பிடிபட்ட மீன் கடைக்கு வரும்போது அழகாகத்தான் இருக்கும். பிறகு ஒரு காரணமும் தெரியாமல் சாகும்.

பிடிபட்ட மீன் லொறியில் கொழும்புக்குப் போகும். அனுப்புவதற்கு முன் இரண்டு மூன்று நாள் பட்டினி போடுவார்கள். பைக்குள் கழிவு சேர்ந்தால் அமோனியாவில் மீன் செத்துவிடும் என்பதற்காக. பிறகு விமானம், மொத்த வியாபாரி, கடை, என் வீடு. அப்படியென்றால் என் தொட்டிக்கு வரும்போது அந்த மீன் எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்திருக்கும் என்று கணக்குப் பாருங்கள். கடைக்காரர் "சாப்பிடும்" என்றது பொய்யாகவும் இருக்கலாம். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அந்த மீனின் பயணத்தை முழுதாக அறிந்தவர் வழியில் ஒருவரும் இல்லை.

சித்தப்பாவின் தொலைபேசிப் பாடம்

எனது சித்தப்பா நிலாவெளிக்காரர். கடற்றொழிலாளி. 1983 க்கு முந்திய சில வருடங்கள், பருவகாலத்தில் கொழும்பு முதலாளி ஒருவருக்காக வண்ண மீன் பிடித்துக் கொடுத்தவர். போர் வந்ததும் அது நின்றது. கடற்றடை, பாஸ், இரவில் போகக்கூடாது, இன்ன எல்லைக்கு அப்பால் போகக்கூடாது என்று காலத்துக்குக் காலம் வந்த கட்டுப்பாடுகள், கரையில் பிறந்தவர்களையே கடலுக்கு அந்நியமாக்கின. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் அவர் திரும்பவும் ஒழுங்காகக் கடலுக்குப் போனார். அந்தக் காலத்தில் கோலிங் காட் வாங்கிச் சுரண்டி, நம்பரை அழுத்தி, மாதம் ஒருக்கால் பேசுவோம். 2004 ஆவணியில் ஒருநாள், செத்துப்போன மீனின் கதையைச் சொன்னேன். நிறத்தையும் பட்டிகளையும் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

"டேய் தம்பி, அது பாரில மேயுற சாதி. கடற்பஞ்சும் கல்லில ஒட்டியிருக்கிற பசையளும்தான் அதுக்குச் சோறு. நீ மேலையிருந்து தூவுறதை அது சாப்பாடு எண்டு கண்டதே இல்லை. பிறகு எப்பிடித் தின்னும்?"

"அப்ப என்ன செய்யிறது சித்தப்பா? இங்க கடற்பஞ்சுக்கு நான் எங்க போறது?"

"மட்டி கிடைக்குமோ? உயிர் மட்டி. வாயைத் திறந்து, கோதோட கல்லுக்குப் பக்கத்தில வை. கல்லில ஒட்டினது மாதிரி இருக்கவேணும். நீ பக்கத்தில நிண்டு பாக்காதை, அது வெக்கப்படும்."

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த மீனுக்குக் கன்னத்தில் முள் இருக்கிறது. வலையில் எடுத்தால் கொளுவிக் காயப்படும். வாளிக்குள் தண்ணீரோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். என் கடையில் அதை வலையால் அள்ளியதை நான் கண்ணால் கண்டிருந்தேன். ஏஞ்சல் மீன்களை வண்ணத்திப்பூச்சி மீன்களிலிருந்து பிரித்து அறிவதற்கே விஞ்ஞானிகள் அந்தக் கன்னமுள்ளைத்தான் பார்ப்பார்கள் என்று பிறகு வாசித்தேன். சித்தப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு.

அவர் சொன்னதும் நூல்கள் சொன்னதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. 1961 இல் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களைத் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழி மட்டும் கொடுத்து, முருகைக்கல்லையே வீட்டில் வளர்த்துக் காட்டியிருந்தார். அந்தக் கற்களில் இருக்கும் பற்றீரியாக்கள் மீன் கழிவின் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். அதே கற்களில் கடற்பஞ்சும் தானாக வளரும். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். தொட்டி வைத்து ஒரு வருடமாவது போகாமல் இந்த மீனை விடக்கூடாது என்பது இதனால்தான்.

2004 புரட்டாசியில் எனது தொட்டிக்கு ஒரு வயது கடந்திருந்தது. வேறொரு கடையில் இன்னொரு றீகல் ஏஞ்சல் வந்திருந்தது. இந்தமுறை உடனே வாங்கவில்லை. எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று கேட்டேன். கொழும்பிலிருந்து, பத்து நாளைக்கு முன்னர் என்றார்கள். நெஞ்சுப் பக்கம் மஞ்சளாக இருந்தது. இந்து சமுத்திரத்து மீனுக்கு நெஞ்சு மஞ்சள். பசிபிக் பக்கத்து மீனுக்கு அது நீலச்சாம்பலாக இருக்கும். மஞ்சள் நெஞ்சுக்காரன் ஓரளவு இலகுவில் சாப்பிடப் பழகுவான் என்று வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். சித்தப்பாவிடம் சொன்னபோது, "இந்த மாதத்தில தெற்கில கடல் கூடாது. எங்கட பக்கத்து மீனாத்தான் இருக்கும்" என்றார். பெரிய வாயுள்ள பாத்திரத்தில் தண்ணீரோடு எடுத்துத் தரச் செய்து கொண்டுவந்தேன்.

அப்டன் பார்க் குயின்ஸ் மார்க்கெட்டில் உயிர் மட்டி வாங்கினேன். திறந்து, கோதோடு குகை வாசலில் வைத்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். முதல்நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. பழுதாகும் மட்டியை ஒவ்வொரு முறையும் எடுத்துப் புதிது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும். ஐந்தாம் நாள் இரவு, அது மெல்ல வந்து மட்டியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. பிறகு ஒரு கொத்து. பிறகு இன்னொன்று. நான் மேல் மாடிக்கு ஓடிப்போய் மனைவியை எழுப்பினேன். நித்திரை குழம்பிய கோபத்தோடு வந்தவர், பார்த்துவிட்டு, "பாவம், பசிச்சுப்போச்சு" என்றார். பிறகு கடற்பஞ்சு கலந்து உறையவைத்த விசேட உணவும், இறாலும் பழகியது. சித்தப்பாவுக்குச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். "இன்னும் கனக்க இருக்கு தம்பி. எந்தப் பாரில எது இருக்கும், எந்தக் காத்துக்கு எது வெளிய வரும் எண்டு எல்லாம் சொல்லுறன். இப்ப காட் முடியப்போகுது போல" என்றார்.

2004 டிசெம்பர் 26 காலை அவர் கரையில் நின்றார். நிலாவெளியில் கடல் வந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த வானொலியைக் கேட்கும் குடும்பங்களில் அந்த நாளுக்கு ஒருவரையாவது கொடுக்காத குடும்பம் குறைவு.

புறாமலையில் கண்டது

அந்த மீன் என் வீட்டில் 2011 வரை, ஆறு வருடங்களுக்கு மேல் இருந்தது. நடுவில், 2010 இல், 21 வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போனேன். சித்தப்பாவின் மகன் என்னைப் புறாமலைக்குப் படகில் கூட்டிப்போனான். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சின்னத் தீவு அது. 1998 இல் கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளிறிச் செத்தபோது, ஹிக்கடுவையும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும் பாரும் பெருமளவு அழிந்தன. திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் தலையை விட்டேன். ஒரு கல்லிடுக்கின் வாசலில், செம்மஞ்சளும் நீலமுமாக ஒன்று. என்னைக் கண்டதும் உள்ளே போய், திரும்பவும் எட்டிப் பார்த்தது. என் குசினியில் நான் ஆறு வருடமாகப் பார்த்த அதே பார்வை. ஆனால் அங்கே அதற்கு 450 லீற்றர் என்ற எல்லை இல்லை.

கரையில் சித்தப்பா மகனின் சிநேகிதன் ஒருவன் நின்றான். முப்பது வயது இருக்கும். ஊன்றுகோலோடு நடந்தான். வண்ண மீனுக்கும் சங்குக்குமாகச் சிலிண்டர் கட்டிச் சுழியோடியவன். ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு விரைவாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகி நரம்பைத் தாக்கும். இது அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்காத பாடம். மீனுக்கு ஒன்று என்ற கணக்கில் காசு. கடைசியில் கால் போயிற்று. நான் கடையில் கொடுத்த விலையில் அவன் போன்ற ஒருவனுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று நினைத்தபோது, எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தத் தொழிலையே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் சோறு தின்னும் குடும்பங்கள் எங்கள் கரையிலும் இருக்கின்றன. பார் உயிரோடு இருந்தால்தான் தமக்குப் பிழைப்பு என்று அறிந்து, கல்லை உடைக்காமல் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத்தின் கீழ் சில அலங்கார மீன்களின் ஏற்றுமதி தடுக்கப்பட்டும், சில அனுமதிக்கு உட்பட்டும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த செம்மஞ்சள் கோமாளி மீன் இன்று பண்ணையில் பிறந்து வளர்ந்ததாகவே தாராளமாகக் கிடைக்கிறது. தொடங்குபவர்களுக்கு அதுவே போதும். றீகல் ஏஞ்சல் போன்ற மீனை நான் 2011 க்குப் பிறகு வாங்கவில்லை. வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள், எந்தக் கடலிலிருந்து வந்தது, எப்படிப் பிடித்தார்கள், என்ன சாப்பிடுகிறது என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். உங்கள் கண்முன்னால் அது சாப்பிடுவதைக் காட்டச் சொல்லுங்கள். பதில் இல்லாவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள்.

அந்த யாரோ

பெனட்டிடம் மீனைக் கொண்டுபோய்க் கொடுத்த யாரோ. யன்னலோரம் நின்று தண்ணீர் ஆற்றிய வேலைக்காரப் பெண். பைக்குள் வரும் ஒவ்வொரு மீனையும் முதலில் தொட்ட சுழியோடி. 1828 இலிருந்து இன்றுவரை இந்தச் சரித்திரத்தைத் தாங்கியவர்கள் இவர்கள். புத்தகங்களில் நான் தேடியும் கிடைக்காத விடை, ஐந்து பவுண் கோலிங் காட்டில் சித்தப்பாவிடம் கிடைத்தது. அவர் சொல்லாமல் விட்ட மிச்சம் இனி எங்கும் கிடைக்காது. அதை எழுதி வைக்க எனக்கு நாலு மாதம் இருந்தது. பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

நேயர்களே, உங்கள் வீடுகளில் மயிலிட்டிக் கடலையும், முல்லைத்தீவுக் கடலையும், பாசிக்குடாவையும், மன்னார்ப் பாரையும் அறிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மரக்கறிப் பையோடு நடந்துபோகும் ஐயா ஒருவருக்கு, எந்த மாதம் எந்த மீன் எந்தக் கல்லுக்கு வரும் என்று தெரிந்திருக்கும். அவரிடம் நாங்கள் கேட்பதெல்லாம் பிரஷர் குளிசை போட்டாச்சா என்பதுதான். இந்தக் கிழமையே ஒரு நாள் பக்கத்தில் இருந்து கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாரின் பெயர், காற்றின் பெயர், மீனின் பெயர், பிடித்தவரின் பெயர் எல்லாவற்றையும் கேளுங்கள். நிலையத்துக்குக் கொண்டுவந்தால் நாங்கள் பத்திரப்படுத்துவோம், விரும்பினால் ஒலிபரப்புவோம்.

தொலைபேசியில் கேட்ட அக்காவுக்கும் இதுவே எனது பதில். குழம்பில் கிடக்கும் மீனுக்கும் சரித்திரம் இருக்கிறது, அக்கா. உங்கள் ஐயா எந்தக் கரையில் வலை இழுத்தவர் என்று அடுத்த முறை நீங்கள் வந்து சொல்ல வேண்டும்.